மஜோலிக்கா: ஒரே பெயரில் இரண்டு மட்கலங்கள்

பழம்பொருள் சேர்ப்பவர் ஒருவர் "என்னிடம் பழம் போட்ட மஜோலிக்கா ஒன்று இருக்கிறது" என்று சொன்னால், முதலில் கேட்க வேண்டியது "எந்த மஜோலிக்கா?" என்பதுதான். 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில், வெள்ளைப் பரப்பின் மேல் எலுமிச்சையும் பேரிக்காயும் தூரிகையால் வரைந்த மருந்துச் சாடிக்கும் இதே பெயர். 19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில், ஸ்டிராபெரிப் பழங்கள் புடைத்து நிற்கப் பச்சையும் பழுப்பும் வழிந்து படிந்த தட்டுக்கும் இதே பெயர். இரண்டுமே சுட்ட மண். இரண்டிலும் பழம் இருக்கிறது. ஆனால் பூச்சு வேறு, செய்யும் முறை வேறு, இடையில் முந்நூறு ஆண்டுகள் வேறு. இந்தக் குழப்பம் எப்படி வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மஜோலிக்கா என்பதன் இத்தாலிய வடிவம் மயோலிக்கா. அது ஒரு தீவின் பெயர். ஸ்பெயினுக்குக் கிழக்கே மத்தியதரைக் கடலில் இருக்கும் மயோர்க்கா தீவை இடைக்கால இத்தாலியர்கள் அப்படித்தான் அழைத்தார்கள். இத்தாலியக் கவிஞர் தாந்தே தன் நரக காண்டத்தில் "சைப்ரஸ் தீவுக்கும் மயோலிக்காவுக்கும் இடையே" என்று மத்தியதரைக் கடலின் ஒரு கோடியையும் மறு கோடியையும் சுட்டுகிறார். ஸ்பெயினில் வலேன்சியாவை ஒட்டிய மனிசெஸ் போன்ற ஊர்களில் முஸ்லிம் குயவர்களின் மரபில் வந்த பொன்மினுக்குக் கலங்கள் இந்தத் தீவின் வழியாகக் கப்பலேறி இத்தாலிக்குப் போயின. சரக்கு வந்த வழியே சரக்கின் பெயராகிவிட்டது என்பது பரவலான விளக்கம். தென் ஸ்பெயினின் மாலகா நகரத்துக் கலங்களைக் குறித்த ஸ்பானியத் தொடரிலிருந்து இந்தச் சொல் வந்திருக்கலாம் என்று வாதிடுபவர்களும் உண்டு. மாலகாவும் அந்தப் பொன்மினுக்குக் கலைக்குப் பேர்போன ஊர் என்பதால் அந்த வாதத்தைச் சும்மா ஒதுக்கிவிட முடியாது.

எப்படியானாலும், தொடக்கத்தில் அந்தச் சொல் எல்லா மெருகுக் கலத்தையும், அதாவது சூளையில் இளகிக் கண்ணாடி போல் படியும் பூச்சுள்ள கலம் எல்லாவற்றையும், குறிக்கவில்லை. பொன்னும் செம்பும் போல் மின்னும் கலத்தை மட்டுமே குறித்தது. 1550-களில் குயவர் தொழிலைப் பற்றி விரிவாக எழுதிய சிப்ரியானோ பிக்கொல்பாசோ கூட அந்தப் பொருளில்தான் அதைக் கையாள்கிறார். பிறகுதான், மினுக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும், வெண்மையான பூச்சின் மேல் வண்ணம் தீட்டிய இத்தாலியக் கலம் எல்லாவற்றுக்கும் அது பொதுப்பெயராயிற்று.

அந்த வெண்மைக்கும் ஒரு நீண்ட கதை உண்டு. சீனாவின் வெண்பீங்கான் பாக்தாத் கலீஃபாக்களின் நாட்டுக்கு வந்தபோது, அங்கே அதற்கேற்ற களிமண் இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் பஸ்ரா குயவர்கள் வேறு வழி கண்டார்கள். மெருகுக் கலவையில் வெள்ளீய ஆக்சைடைச் சேர்த்தால், சுட்ட பிறகு அது ஒளி ஊடுருவாத வெள்ளைப் போர்வையாகிறது. அடியில் இருக்கும் மஞ்சளோ சிவப்போ ஆன மண் மறைந்துவிடுகிறது. இந்த உத்தி வட ஆப்பிரிக்கா வழியாக ஸ்பெயினுக்கும், அங்கிருந்து இத்தாலிக்கும் போனது. ஃபயென்சா, டெருட்டா, உர்பினோ, குபியோ, மோன்டெலூப்போ என்று இத்தாலியின் ஊர்கள் இதில் பேரெடுத்தன. ஃபயென்சாவிலிருந்துதான் இவ்வகைக் கலத்துக்குப் பிரெஞ்சில் "ஃபயான்ஸ்" என்ற பெயர் வந்தது. ஹாலந்தின் டெல்ஃப்ட் கலமும் இதே குடும்பம். தொழில்நுட்பம் ஒன்று, ஊருக்கொரு பெயர்.

இத்தாலியக் குயவரின் வேலை எவ்வளவு துணிச்சலானது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒருமுறை சுட்ட கலத்தை வெள்ளை மெருகுக் குழம்பில் முக்கி எடுத்துக் காயவிடுவார்கள். அதன் மேல் படியும் தூள் படலம் ஈரத்தை உடனே உறிஞ்சும். கோபால்ட் நீலம், செம்பின் பச்சை, ஆன்டிமனி மஞ்சள், இரும்பின் காவி, மாங்கனீசின் கத்தரிப்பூ நிறம் என்று சூளைச் சூட்டைத் தாங்கும் சில நிறங்கள்தாம் கைவசம். தூரிகை பட்ட இடத்தில் பட்டதுதான். அழிக்க வழியில்லை. அப்புறம் இரண்டாவது முறை சூளை. வெனிஸ் பட்டறைகளில் 16-ஆம் நூற்றாண்டின் நடுவில் செய்த மருந்துச் சாடிகளில், ஆழ்ந்த நீலப் பின்னணியில் மஞ்சள் பழங்களும் இலைகளும் நெருக்கமாகப் படர்ந்திருக்கும். தயங்காமல் போன தூரிகையின் வேகம் அந்த இலை நரம்புகளில் இன்றும் தெரிகிறது. பழ ஓவியம் என்ற வகையில் எனக்கு இதைவிடப் பிடித்த மட்கலம் இல்லை.

பழத்தை வரைவதோடு நிற்காமல் மண்ணிலேயே வடித்தவர்களும் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். ஃபிளாரன்ஸ் சிற்பி லூக்கா டெல்லா ராபியா 1440-களின் தொடக்கத்தில் வெள்ளீய மெருகைச் சிற்பத்தின் மேல் ஏற்றினார். நீலமும் வெள்ளையுமான அவருடைய வட்டச் சிற்பங்களைச் சுற்றி எலுமிச்சை, திராட்சை, தேவதாருக் காய் எல்லாம் கொத்துக் கொத்தாகக் கட்டிய மாலைகள் ஓடும். லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும், லூக்கா செய்த ரெனே மன்னரின் சின்னம் மூன்று மீட்டருக்கும் அதிகமான விட்டம் கொண்டது. அதைச் சூழ்ந்திருப்பதும் இப்படி ஒரு கனிமாலைதான். லூக்காவின் அண்ணன் மகன் ஆந்திரேயாவும் அவர் பிள்ளைகளும் அதையே குடும்பத் தொழிலாக்கினார்கள்.

இனி இரண்டாவது கலம். பிரான்சின் துலூஸ் நகரில் பிறந்த லியோன் ஆர்னூ 1849-இல் இங்கிலாந்தின் ஸ்டோக்கில் மின்டன் மட்கலத் தொழிற்சாலையின் கலை இயக்குநரானார். அவர் இரண்டு வகைக் கலங்களை உருவாக்கினார். ஒன்று, பழைய இத்தாலிய முறையைப் பின்பற்றி வெள்ளை மெருகின் மேல் ஓவியம் தீட்டியது. அதைத்தான் மின்டன் "மஜோலிக்கா" என்றது. மற்றொன்று, அச்சில் எடுத்த புடைப்பு உருவங்களின் மேல் வண்ணக் காரீய மெருகுகளை நேராகப் பூசியது. 16-ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் குயவர் பெர்னார் பலிசி பாம்பும் மீனும் தவளையும் புடைத்த தட்டுகளை அப்படிச் செய்தார் என்பதால் இதற்குப் "பலிசி கலம்" என்று பெயர் வைத்தார்கள். சூளைக்கு விறகு தீர்ந்தபோது வீட்டு மேசையையும் தரைப்பலகையையும் எரித்ததாகத் தானே எழுதி வைத்த மனிதர் அவர். அவருடைய பெயர் நிலைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். 1851-இல் லண்டன் பெருங்கண்காட்சியில் மக்கள் கூட்டம் இரண்டாவது வகையைக் கண்டு மயங்கியது, வாங்கியது. ஆனால் பேச்சில் ஒட்டிக்கொண்டதோ முதல் வகையின் பெயர். சில பத்தாண்டுகளில் இங்கிலாந்தில் மஜோலிக்கா என்றாலே வண்ணக் காரீய மெருகுக் கலம் என்றாகிவிட்டது. வெட்ஜ்வுட், ஜார்ஜ் ஜோன்ஸ், ஹோல்ட்கிராஃப்ட் என்று போட்டியாளர்கள் பெருகினார்கள்.

பழம் இந்தக் கலத்தில் ஏன் அவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதற்கு வேதியியல் காரணம் உண்டு. காரீய மெருகு சூளையில் நன்றாக இளகி ஓடும். மேடான இடத்திலிருந்து வழிந்து பள்ளத்தில் தேங்கும். அதனால் இலையின் நரம்பு வெளிறியும், நரம்புகளுக்கு இடைப்பட்ட குழி ஆழ்ந்த பச்சையாகவும் அமையும். ஸ்டிராபெரியின் ஒவ்வொரு விதைக் குழியிலும் நிறம் தானாகவே அடர்ந்துகொள்ளும். ஓவியர் நிழல் தீட்ட வேண்டியதில்லை. அச்சு செதுக்கியவரின் திறமையே நிழலாக மாறுகிறது. அந்தக் காலத்து இங்கிலாந்தில் விருந்தின் முடிவில் பழம் பரிமாறுவதற்குத் தனித் தட்டுகளும் கால் வைத்த பழத்தட்டங்களும் இருந்தன. ஸ்டிராபெரித் தட்டிலேயே சர்க்கரைக்கும் பாலேட்டுக்கும் சிறு கிண்ணங்கள் உட்காரக் குழிகள் அமைத்தார்கள். தட்டில் எந்தப் பழம் வடிக்கப்பட்டிருக்கிறதோ அந்தப் பழமே அதில் வைக்கப்படும் என்பதுதான் அந்த வடிவமைப்பின் இன்பம்.

இங்கிலாந்துக்கு வெளியேயும் இது பரவியது. பிரான்சில் சார்கெமின், ஷுவாசி-லெ-ருவா, ஒன்னாங் முதலிய தொழிற்சாலைகளின் பழத்தட்டுகளை அந்நாட்டுச் சேகரிப்பாளர்கள் "பார்போத்தின்" என்கிறார்கள். போர்ச்சுகலின் கால்தாஸ் டா ரைன்யாவில் ரஃபாயேல் பொர்தாலோ பின்யெய்ரோ 1884-இல் தொடங்கிய தொழிற்சாலை முட்டைக்கோசு இலைக் கலங்களுக்குப் பேர்பெற்றது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் ஃபீனிக்ஸ்வில்லில் செய்தவை "எட்ரஸ்கன் மஜோலிக்கா" என்ற முத்திரையோடு வந்தன.

சரி, தமிழில் என்ன சொல்வது? "பீங்கான்" என்று சொல்வது தவறு. பாரசீகத்தில் கிண்ணத்தைக் குறித்த "பிங்கான்" என்ற சொல்லோடு உறவுடைய இந்தச் சொல் இன்று வெண்களியால் செய்து கடும் சூட்டில் சுட்ட, மெல்லியதாக இருந்தால் ஒளி கசியும் கலத்துக்கு உரியது. மஜோலிக்கா இரண்டு வகையுமே நுண்துளை உள்ள சாதாரண மட்கலம். "ஈயப்பூச்சுக் கலம்" என்பதும் உதவாது. ஈயம் பூசுவது என்றால் தமிழில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறம் பூசுவதுதான் நினைவுக்கு வரும். அதோடு எந்த ஈயம் என்ற கேள்வியும் அப்படியே நிற்கும்.

ஆனால் அந்தக் கேள்விக்குத் தமிழிலேயே விடை இருக்கிறது. வெள்ளீயம், காரீயம் என்று இரண்டு உலோகங்களையும் ஒரே அடிச்சொல்லில் பிரித்து வைத்திருக்கிறோம். இத்தாலியக் கலம் வெள்ளீய மெருகு மட்கலம். விக்டோரியா கால ஆங்கிலக் கலம் காரீய வண்ண மெருகு மட்கலம். இத்தாலியக் கலத்தின் மெருகிலும் காரீயம் ஓரளவு சேர்ந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் அதற்கு வெண்மையும் மறைக்கும் தன்மையும் தருவது வெள்ளீயமே என்பதால் இந்தப் பெயர் பொருந்தும். பழ அலங்காரம் கொண்டதற்கு, வரைந்திருந்தால் கனியோவியக் கலம், வடித்திருந்தால் கனிவடிவக் கலம் என்று சொல்லலாம். மூலப்பெயர் வேண்டுமென்றால் எழுத்திலேயே வேறுபடுத்துவது நல்லது: இத்தாலியத்துக்கு மயோலிக்கா, ஆங்கில வகைக்கு மஜோலிக்கா. ஆங்கிலத்தில் பல அருங்காட்சியகங்கள் இதே போல எழுத்து வேறுபாட்டால் பிரிக்கின்றன. தமிழில் ஒலியே வேறுபடுவதால் நமக்கு இது இன்னும் எளிது.

சேகரிப்பவருக்கு இந்தப் பிரிவு ஏட்டுச் சுரைக்காய் இல்லை. பார்க்கும் முறையே மாறுகிறது. வெள்ளீயக் கலத்தில் விளிம்பைப் பார்க்க வேண்டும். அங்கே மெருகு சிதைந்த இடத்தில் அடிமண்ணின் நிறம் எட்டிப் பார்க்கும். காரீயக் கலத்தைத் திருப்பி அடிப்புறத்தைப் பார்க்க வேண்டும். மின்டன் கலங்களில் பெயரும் ஆண்டுக் குறியும் மண்ணிலேயே அழுத்தியிருக்கும். வெட்ஜ்வுட் 1860 முதல் எழுத்துகளால் ஆண்டைக் குறித்தது. 1842 முதல் 1883 வரை பிரிட்டனில் பதிவான வடிவங்களுக்கு வைரவடிவ முத்திரை உண்டு. "இங்கிலாந்து" என்ற நாட்டுப் பெயர் இருந்தால், பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. அந்த ஆண்டு நடைமுறைக்கு வந்த அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டது. முத்திரையே இல்லாத நல்ல கலங்களும் ஏராளம் என்பதால் கையில் எடுத்துப் பார்ப்பதே முக்கியம். ஜார்ஜ் ஜோன்ஸ் கலங்களின் அடிப்புறம் பெரும்பாலும் பச்சையும் பழுப்பும் கலந்த புள்ளி மெருகால் மூடியிருக்கும். புதிய போலிகளில் பல எடை குறைந்தவை, அடியில் மெருகில்லாத சுண்ணாம்பு வெள்ளை தெரியும், நிறம் கோடு தாண்டிப் போயிருக்கும். பழுது பார்த்த இடங்களை இருட்டில் புற ஊதா விளக்கு காட்டிக்கொடுக்கும். மெருகில் மயிரிழை வெடிப்புகள் இருப்பதை மட்டும் குறையாக எண்ண வேண்டாம். மண்ணும் மெருகும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் பழங்கலங்களில் அது இயல்பாக வருவது.

காரீயம் என்ற சொல்லைப் பெயரிலேயே வைக்கச் சொல்வதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த மெருகைக் கையாண்ட தொழிலாளர்கள், குறிப்பாக முக்கும் பணியிலும் தீட்டும் பணியிலும் இருந்த பெண்களும் சிறுவர்களும், காரீய நஞ்சால் பாதிக்கப்பட்டார்கள். 1890-களில் பிரிட்டனில் இது பெரிய பொதுப் பிரச்சினையாகி விதிகள் இறுகின. அதற்கு முன்பே மாறத் தொடங்கியிருந்த ரசனையோடு சேர்ந்து, காரீய மஜோலிக்காவின் காலம் முடிவுக்கு வந்தது. அந்த நஞ்சு மெருகில் இன்னும் இருக்கிறது. புளிப்பான பழச்சாறு அதைக் கரைத்தெடுக்கும். ஆகவே எவ்வளவு அழகான ஸ்டிராபெரித் தட்டானாலும் அதில் ஸ்டிராபெரி வைத்து உண்ணக் கூடாது. பழைய வெள்ளீயக் கலங்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.