மின்சாதனங்களின் நட்சத்திர முத்திரையை எப்படிப் படிப்பது?

ஏசியோ குளிர்சாதனப் பெட்டியோ வாங்கச் செல்பவர்களில் பலர், அதில் ஒட்டியுள்ள முத்திரையின் நட்சத்திரங்களை மட்டும் எண்ணிப் பார்த்துவிட்டு விலை பேசத் தொடங்கிவிடுகிறார்கள். ஆனால் அந்த முத்திரையில் நம் மின்கட்டணத்தோடு நேரடியாகத் தொடர்புடையது, ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்று அச்சிடப்பட்டிருக்கும் எண்தான்.

2001ஆம் ஆண்டின் எரிசக்திப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட எரிசக்தித் திறன் பணியகம், 2006இல் இந்த முத்திரைத் திட்டத்தைத் தொடங்கியது. அறை ஏசி, குளிர்சாதனப் பெட்டி, எல்இடி பல்பு போன்றவற்றை இம்முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது. 2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கும் இது கட்டாயம்.

குளிர்சாதனப் பெட்டிக்கு அதன் கொள்ளளவைக் கணக்கில் கொண்டே நட்சத்திரம் வழங்கப்படுவதால், ஐந்து நட்சத்திரம் பெற்ற பெரிய பெட்டி, மூன்று நட்சத்திரச் சிறிய பெட்டியைவிட அதிக மின்சாரம் இழுக்கக்கூடும். ஏசியின் யூனிட் கணக்கோ ஆண்டுக்கு 1,600 மணி நேரப் பயன்பாட்டை வைத்துப் போடப்படுவது. இரவெல்லாம் ஏசி ஓடும் வீடுகளில் இந்த அளவு எளிதில் தாண்டிவிடும் என்பதால், அந்த எண்ணை இரண்டு ஏசிகளை ஒப்பிடுவதற்கான அளவுகோலாகவே கொள்ள வேண்டும்.

முத்திரையில் அச்சிடப்பட்டுள்ள செல்லுபடிக் காலத்தையும் தவறாமல் பார்க்க வேண்டும். தொழில்நுட்பம் வளர வளரப் பணியகம் தர அளவைக் கடுமையாக்குகிறது. 2022 ஜூலையில் ஏசிகளுக்கு அளவு மாற்றப்பட்டபோது, அதுவரை ஐந்து நட்சத்திரமாக இருந்த பல மாடல்கள் நான்குக்கு இறங்கின. தள்ளுபடியில் கிடைக்கும் பழைய இருப்பை வாங்குபவர்கள் இதில்தான் பெரும்பாலும் ஏமாறுகிறார்கள்.

குறைந்த செலவில் தொடங்க விரும்புவோர் மின்விசிறியிலிருந்து தொடங்கலாம் என்பது என் கருத்து. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். பிஎல்டிசி எனப்படும் மின்சிக்கன மோட்டார் பொருத்திய விசிறிக்கு 30 வாட் போதும். நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் ஒரு விசிறியிலேயே சுமார் 40 யூனிட் மிச்சமாகும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு இது சிறிய அளவு அன்று. இங்கு இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால், கூடுதல் யூனிட்டுகளுக்கு மட்டுமின்றி, அதற்குக் கீழுள்ள யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சலுகை விலை போய்விடும். 520, 530 என்று அந்த எல்லையைச் சற்றே தாண்டும் குடும்பத்தை ஒரேயொரு விசிறி மாற்றம் மீண்டும் சலுகைக்குள் கொண்டுவந்துவிடும்.