மேட்டில் மை, பள்ளத்தில் வெள்ளை

கிருஷ்ணகிரியிலோ தர்மபுரியிலோ கடைத்தெருவில் லேசர் மெஷின் வைத்திருக்கும் கடையைத் தேடிப் பிடிப்பது இன்று பெரிய வேலையில்லை. சாவிக்கொத்தில் பெயர், பலகையில் கல்யாண போட்டோ, ரப்பர் ஸ்டாம்ப், அக்ரிலிக் பெயர்ப்பலகை எல்லாம் அதில்தான் ஓடுகின்றன. அதே மெஷினில் உள்ளங்கை அளவுக்கு ஒரு அச்சுக்கட்டை செய்து, மை தடவி, காகிதத்தில் படம் எடுக்கலாம். இந்தப் பக்கத்துக்குப் பொருத்தமான படமும் கைக்கு அருகிலேயே இருக்கிறது. இரண்டு மாவட்டங்களிலும் நடுகற்கள் ஏராளம். வில்லோடு நிற்கும் ஒரு வீரனை 6 × 8 செ.மீ. கட்டையில் கொண்டுவர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம்.

புடைப்பு அச்சில் மேடான இடம் மை வாங்கும், பள்ளம் வாங்காது. விதி அவ்வளவுதான். லேசர் கடைகளில் ‘படம் தெரிகிறதா’ என்றுதான் பார்ப்பார்கள். அச்சுக்குப் படம் தெரிந்தால் போதாது, ஆழம் வேண்டும். கிருஷ்ணகிரியின் கருப்பு கிரானைட்டில் லேசரால் முகம் வரைவதைப் பார்த்திருப்பீர்கள். அங்கே சூடு பட்ட இடத்தில் கல்லின் மேல்தோல் நுண்ணிய விரிசல் விட்டு வெளுக்கிறது. கண்ணுக்கு அருமையான படம். அதில் மை உருட்டினால் முழுக்கறுப்புப் பலகைதான் கிடைக்கும்.

கல்வெட்டுப் படிக்கிறவர்கள் எடுக்கும் மைப்படியும் மேடு-பள்ளத்தை நம்பியதுதான், ஆனால் வழி வேறு. ஈரக்காகிதத்தைக் கல்மேல் ஒட்டி, பிரஷ்ஷால் தட்டி எழுத்துப் பள்ளங்களுக்குள் இறக்கி, காகிதத்தின் வெளிப்பக்கத்தில் மைப்பொதியை ஒற்றுவார்கள். மை கல்லைத் தொடுவதே இல்லை. அதனால் எழுத்து வெள்ளையாக, நேராகப் படிக்கிற மாதிரி வரும். அச்சுக்கட்டையில் மை கட்டையிலிருந்து காகிதத்துக்குத் தாவுவதால் இடம் வலமாகும். வீரனின் வில் எந்தக் கையில் இருக்கிறது என்பது முக்கியமென்றால், கணினியிலேயே படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட வேண்டும். சில ஸ்டாம்ப் மென்பொருள்கள் தாமாகவே திருப்பும். நாமும் ஒருமுறை திருப்பினால் பழையபடியே ஆகிவிடும்.

சரி, படத்துக்கு வருவோம். போட்டோவில் சாம்பல் நிறத்தில் எத்தனையோ படிகள் உண்டு. கட்டைக்கு மை உண்டு, இல்லை என்ற இரண்டுதான். எந்தச் சாம்பலுக்கு மேல் வெள்ளை, எதற்குக் கீழ் கறுப்பு என்று ஒரு கோடு போட வேண்டும். ஜப்பானின் நொபுயுகி ஒட்சு 1979இல் சொன்ன முறை, படத்தின் புள்ளிகளை இரண்டு கூட்டமாகப் பிரித்து, கூட்டங்களுக்கிடையே வேறுபாடு அதிகபட்சமாக இருக்கும் இடத்தில் அந்தக் கோட்டைப் போடுகிறது. நடுகல் போட்டோவில் ஒருபக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்றால் இதுவும் ஏமாந்துபோகும். சாய்ந்த வெளிச்சத்தில் எடுத்த போட்டோவின் மேல் கையால் கோடு வரைந்துகொள்வதுதான் என் கட்சி.

லேசர் கடைகள் போட்டோவுக்குப் பயன்படுத்துவது இன்னொரு முறை. ராபர்ட் ஃபிளாய்டும் லூயிஸ் ஸ்டைன்பெர்க்கும் 1976இல் வெளியிட்ட கணக்கில், ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பாகவோ வெள்ளையாகவோ ஆக்கும்போது வரும் பிழை பக்கத்துப் புள்ளிகளுக்குப் பகிர்ந்து தரப்படுகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் சாம்பல் போலத் தெரியும். மரப்பலகையில் சுட்ட போட்டோ அழகாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அச்சுக்கட்டைக்கு இது ஆகவே ஆகாது. தனித்தனிக் கறுப்புப் புள்ளி ஒவ்வொன்றும் கட்டையில் 0.1 மி.மீ. அகலத் தூணாக நிற்க வேண்டும். ரோலர் ஒருமுறை உருண்டாலே பாதி ஒடிந்துவிடும், மீதியின் இடைவெளியில் மை அடைத்துக்கொள்ளும். சாம்பலுக்குக் கோடுகள்தான் சரி. இங்கிலாந்தின் தாமஸ் பீவிக் (1753–1828) பாக்ஸ் மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில் வெள்ளைக் கோடுகளாகச் செதுக்கிப் பறவைகளின் இறகு நிழலைக் கொண்டுவந்தார். கோடு நீளமாக இருப்பதால் அதன் சுவர் தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும். தமிழ் எழுத்து சேர்த்தால் மெய்யெழுத்தின் புள்ளியும் இப்படித் தனித்தூண்தான். அதைக் கொஞ்சம் பெரிதாகவே போட்டுவிடுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு லேசரின் ஒளி 10.6 மைக்ரோமீட்டர் அலைநீளம், அதாவது அகச்சிவப்பு. மரமும் ரப்பரும் அக்ரிலிக்கும் அதை மேல்பரப்பிலேயே உறிஞ்சிக்கொள்ளும். லென்ஸ் அந்த ஒளியைச் சுமார் 0.1 மி.மீ. புள்ளியில் குவிப்பதால் அங்கே பொருள் புகையாகவும் ஆவியாகவும் போய்விடுகிறது. விலை குறைந்த நீல டயோடு லேசரின் ஒளி 450 நானோமீட்டர். மரத்தில் வேலை செய்யும், நிறமற்ற அக்ரிலிக்கில் ஊடுருவிப் போய்விடும். பி.வி.சி. ஷீட்டை மட்டும் எந்த லேசரிலும் வைக்கக் கூடாது. அதிலிருந்து ஹைட்ரஜன் குளோரைடு வரும், நுரையீரலுக்கும் மெஷினுக்கும் கேடு.

லேசர் புள்ளிக்கு அகலம் இருப்பதால் அது கோட்டின் விளிம்பை இரண்டு பக்கமும் தன் அகலத்தில் பாதிப் பாதி தின்னும். 0.2 மி.மீ. கோடு வரைந்தால் 0.1தான் மிஞ்சும். இங்க்ஸ்கேப் போன்ற இலவச மென்பொருளில் கோடுகளை முன்கூட்டியே தடிமனாக்கிவிட்டால் சரியாகும். இன்னொரு வசதி, ஸ்டாம்ப் செய்யும் மென்பொருள்களில் சுவரைச் சரிவாக வெட்டும் தேர்வு. மேலே மெல்லிய கோடு, அடியில் அகன்ற அஸ்திவாரம்.

எந்தப் பொருளில் வெட்டுவது? பைன் மரத்தில் வளர்ச்சி வளையத்தின் மென்மையான பகுதி ஆழமாக எரியும், கெட்டியான பகுதி நின்றுவிடும். பள்ளத்தின் அடியில் வரிவரியாக மேடு தெரியும். ஆழம் குறைவென்றால் அந்த வரிகளும் மை வாங்கும். மரநாரைப் பிசினோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை சீராக எரிகிறது, விலையும் குறைவு. அதன் பிசினில் பெரும்பாலும் யூரியா ஃபார்மால்டிஹைடு இருக்கும் என்பதால் புகைபோக்கி விசிறி ஓடாத அறையில் வெட்ட வேண்டாம். வெட்டுவதற்கு முன் மேல்பரப்பில் மாஸ்கிங் டேப் ஒட்டினால் கரி படியாது.

ஆழம் எவ்வளவு என்பது பள்ளத்தின் அகலத்தைப் பொறுத்தது. இதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. ஒரு மி.மீ. இடைவெளிக்கு அரை மி.மீ. ஆழம் தாராளம். வீரனைச் சுற்றி இரண்டு செ.மீ. வெற்றிடம் இருந்தால் ரோலரும் காகிதமும் அதற்குள் தொங்கி அடியைத் தொட்டுவிடும், 2 மி.மீ. ஆழம் வேண்டும். மெஷின் நேரத்துக்குக் காசு வாங்கும் கடையில் அந்த வெற்றிடத்தை முழுக்க எரிப்பது வீண். அதை ஒரு உளியால் நாமே எடுத்துவிடலாம்.

முப்பரிமாண அச்சு இயந்திரத்திலும் கட்டை செய்யலாம். ஓசூர் மாதிரி தொழில் ஊரில் அதற்கும் ஆள் கிடைப்பார்கள். ஆனால் பிளாஸ்டிக் இழையை உருக்கி விடும் முனையான நாஸிலின் துளை பொதுவாக 0.4 மி.மீ., அதைவிட மெல்லிய கோடு எதிர்பார்க்க முடியாது. உருகிய இழை ஓடிய தடம் மேல்பரப்பில் இருக்கும், அதுவும் காகிதத்தில் விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் குறையும். இந்த இயந்திரங்களில் பரவலாகப் பயன்படும் பி.எல்.ஏ. பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். சித்திரை வெயிலில் நிற்கும் காருக்குள் கட்டையை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

இனி அழுத்தம். ஒவ்வொரு சதுர செ.மீ. மேட்டுக்கும் 5 கிலோ விசை வேண்டும் என்று ஒரு கணக்குக்கு வைத்துக்கொள்வோம். 48 சதுர செ.மீ. கட்டையில் பாதி மேடு என்றால், முழுக்கட்டையையும் ஒரே நேரத்தில் அழுத்த 120 கிலோ. சப்பாத்திக் கட்டை மாதிரி ஒரு உருளை உருண்டு போனால் அது தொடுவது 3 மி.மீ. அகலப் பட்டையை மட்டும். கட்டையின் 6 செ.மீ. அகலத்துக்கு மொத்தம் 1.8 சதுர செ.மீ., அதில் பாதி மேடு. நாலரை கிலோ போதும். மரக்கரண்டியின் முதுகால் தேய்த்தே அச்செடுக்க முடிவதும் இதனால்தான். ஜெர்மனியின் கொலோனைச் சேர்ந்த மார்ட்டின் ஷ்னைடரின் ‘ஓப்பன் பிரஸ் புராஜெக்ட்’, முப்பரிமாணத்தில் அச்சிட்டுக் கோத்துக்கொள்ளும் குட்டி அச்சு இயந்திரத்தின் கோப்புகளைப் பொதுவில் வைத்திருக்கிறது. பிளாஸ்டிக் பாகங்கள் தாங்குகின்றன என்றால் அதற்கும் இந்தக் கணக்குதான் துணை.

இதே கணக்கு ஒரு தொல்லையும் தரும். அகன்ற கறுப்புப் பகுதியில் விசை பரவி அழுத்தம் குறைந்துவிடும், தனிக்கோட்டில் குவிந்து காகிதத்தைக் குத்தும். காலால் மிதித்து ஓட்டும் அந்தக்கால டிரெடில் அச்சகங்களில் வெளிறிய இடத்துக்குப் பின்னால் மெல்லிய தாள் ஒட்டி ஏற்றுவார்களே, அந்த வேலை டிஜிட்டல் கட்டைக்கும் உண்டு.

மையைக் கண்ணாடித் தகட்டில் உருட்டும்போது ‘ஸ்ஸ்ஸ்’ என்று மெல்லிய, சீரான சத்தம் வர வேண்டும். சளசளவென்று கேட்டால் மை அதிகம், வீரனின் விரல்கள் ஒன்றாக ஒட்டிப்போகும். ஆளிவிதை எண்ணெய் கலந்த மை காய்வது தண்ணீர் ஆவியாவது போன்றதல்ல. எண்ணெய் காற்றின் ஆக்சிஜனை வாங்கி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கெட்டியாகிறது. அதனால் அச்சுகளை அடுக்கி வைக்காமல் கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிடுங்கள், காய நாள் கணக்காகும். கட்டையைத் துடைக்கச் சமையல் எண்ணெய் நனைத்த துணி போதும், அப்புறம் காய்ந்த துணி. தண்ணீர் பட்டால் எம்.டி.எஃப். ஊதி, மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும்.