வெண்புறாவின் மேல் கள்ளிச் சாறு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், டூசான் நகருக்குத் தெற்கே சுமார் 15 கிலோமீட்டர் போனால், கள்ளியும் முட்புதரும் மண்டிய சமவெளியில் வெள்ளைவெளேரென்று நிற்கிறது சான் சவியேர் டெல் பாக் தேவாலயம். 'பாலைவனத்து வெண்புறா' என்பது அதன் செல்லப்பெயர். சுவரைத் தடவிவிட்டுக் கையைப் பார்த்தேன். விரல் நுனியில் வெள்ளைப் பொடி. பொங்கலுக்கு வெள்ளையடித்த சுவரில் சாய்ந்து எழுந்தால் முதுகில் ஒட்டிக்கொள்ளுமே, அதே சுண்ணாம்பு.

1692-ல் இங்கே மறைப்பணியைத் தொடங்கிய இயேசு சபைத் துறவி எவுசேபியோ கீனோ, நம் முத்துக்குளித்துறைக் கரையில் ஊர் ஊராக நடந்த அதே புனித சவேரியாரின் பெயரைத்தான் இதற்கு வைத்தார். இப்போதுள்ள கட்டடம் பிரான்சிஸ்கன் துறவிகள் காலத்தில், 1783 முதல் 1797 வரை கட்டப்பட்டது. அதைத் தங்கள் உழைப்பால் எழுப்பியவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடிகளான ஓஓடம் (O'odham) மக்கள். இன்றும் இது அவர்களுடைய கோயில். பெரிய உத்திரங்களுக்கு மரம் கிடைப்பது அரிது என்பதால் கூரை முழுவதும் செங்கல் வளைவுகளும் குவிமாடங்களும்தான்.

அந்தச் செங்கல்லைக் காப்பது மேலே இருக்கும் பூச்சு. சுண்ணாம்புக் கல்லைச் சூளையில் 900 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சும் சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். அதை மணலோடு குழைத்துப் பூசினால், காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடி கல்லாகும். இப்படி இறுகிய பூச்சில் நுண்ணிய துளைகள் ஏராளம். மழையில் நனைந்தாலும், உள்ளே போன ஈரம் அந்தத் துளைகள் வழியாகவே ஆவியாகி வெளியேறிவிடும்.

1980-களில் இதன் மேல் சிமென்ட் கலந்த பூச்சு போட்டார்கள். நல்ல எண்ணத்தில் செய்த வேலைதான். ஆனால் சிமென்ட் விறைப்பானது. பகல் வெயிலில் விரிந்து இரவுக் குளிரில் சுருங்கும் மென்மையான பழைய செங்கல்லோடு அதனால் ஒத்துப்போக முடியாது, மயிரிழை விரிசல் விடும். கோடையின் இடிமழை அந்த விரிசலில் இறங்கினால் திரும்பி வர வழியில்லை. சிக்கிய நீர் செங்கல்லின் உப்பைக் கரைத்து எடுத்துக்கொண்டு உள்பக்கமாக நகரும். உள்ளேதான் இருநூறாண்டு ஓவியங்கள். நீர் அங்கே உலரும்போது உப்பு படிகமாகப் பூத்து, வண்ணத்தைச் செதில் செதிலாக உரித்துத் தள்ளும். வறண்ட பாலைவனத்தில் ஒரு கோயிலைத் தண்ணீர் தின்பது இப்படித்தான். 1992 முதல் 1997 வரை வல்லுநர்கள் சாரம் கட்டி ஏறி, அந்த ஓவியங்களையும் சிலைகளையும் அங்குலம் அங்குலமாகத் துப்புரவு செய்து மீட்டார்கள்.

வெளியே சிமென்ட்டைக் கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புக்கே திரும்பினார்கள். அதில் சேர்ப்பது சப்பாத்திக்கள்ளிச் சாறு! கள்ளி மடலை வெட்டித் தண்ணீரில் ஊறப்போட்டால் வெண்டைக்காய் போல வழவழவென்று நூலிழுக்கும் சாறு இறங்கும். சுண்ணாம்பு கல்லாக மாறுவதற்குக் கொஞ்சம் ஈரம் தேவை. கரியமில வாயு நீரில் கரைந்தால்தான் அந்த மாற்றம் நடக்கும். பாலைக் காற்றோ பூசிய சூட்டோடு ஈரத்தை உறிஞ்சிவிடும், பூச்சு இறுகாமல் பொடியாக உதிரும். கள்ளியின் வழவழப்பில் இருப்பவை நீரைப் பிடித்துவைக்கும் நீண்ட சர்க்கரைச் சங்கிலிகள். அவை உலர்வதைத் தாமதப்படுத்திச் சுண்ணாம்புக்கு அவகாசம் தருகின்றன, கரணைக்கும் பூச்சு இதமாக இழைகிறது. நம் கொத்தனார்கள் கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சுண்ணாம்பில் சேர்த்து அரைத்தது நினைவுக்கு வராமல் இருக்குமா?

சப்பாத்திக்கள்ளி நம் ஊர் வேலிகளுக்கு வந்ததே அமெரிக்கக் கண்டத்திலிருந்துதான். இங்கே அது தன் சொந்த மண்ணில், சுண்ணாம்பும் மணலுமாகக் கலந்து குவிமாடத்தின் மேல் ஏறியிருக்கிறது.