நாலு கிளையில் போட்டாலும் ஒரே வங்கிதான்

போன வாரம் இன்னொருவர் வந்தார். இரண்டு வருஷத்தில் இவர் ஐந்தாவது ஆள், அதனால்தான் இதை எழுதியே தீர்வது என்று உட்கார்ந்திருக்கிறேன். மும்பையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்து, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர். வருமான வரிக் கணக்குக்காக ஒரு மஞ்சள் பையில் ரசீதுகளைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அங்கே இருந்த ஒரு நகரக் கூட்டுறவு வங்கியின் வைப்பு ரசீதுகள். நான்கு கிளை, நான்கு ரசீது, ஒவ்வொன்றும் 4,80,000 ரூபாய். அந்த வங்கியின் உரிமத்தை ரிசர்வ் வங்கி ரத்து செய்துவிட்டது. வங்கி மூழ்கினால் வைப்புக்கு என்று இருக்கிற காப்பீட்டில் 5 லட்சம் வந்துவிட்டது. "மத்த மூணு கிளைப் பணம் எப்ப சார் வரும்?" என்று கேட்டார்.

வராது. இன்சூரன்ஸாக வராது. வங்கியின் சொத்தை விற்று, பாக்கியை வசூலித்து, மிஞ்சியதைப் பங்கு போடும்போது ஏதாவது கிடைக்கலாம். எவ்வளவு, எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அறுபத்தெட்டு வயதுக்காரர் முகத்தைப் பார்த்து சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஒரு பைசாவைக்கூட சூதாடவில்லை, பேராசைப்படவில்லை. கவனமாக இருப்பதாக நினைத்துக்கொண்டு பிரித்துப் போட்டார், ஆனால் தவறான இடத்தில் பிரித்தார்.

காப்பீட்டு வரம்பு ஒரு ஆளுக்கு, ஒரு வங்கிக்கு, 5 லட்சம். ரசீதுக்கு 5 லட்சம் இல்லை, கணக்குக்கு இல்லை, கிளைக்கு இல்லை. ஒரே பெயரில் அந்த வங்கியின் எந்தக் கிளையில் எது கிடந்தாலும், சேமிப்பு, நடப்பு, வைப்பு, ஆர்.டி. எல்லாவற்றையும் கூட்டி, அன்று வரை சேர்ந்த வட்டியையும் கூட்டி, மொத்தத்துக்கும் சேர்த்துத்தான் 5 லட்சம். அசலே சரியாக 5 லட்சம் என்றால் வட்டிக்குக் காப்பு இல்லை. அந்த வங்கியில் உங்களுக்குக் கடன் இருந்தால் அதையும் கழித்துக்கொள்வார்கள். நாமினி போட்டால் வரம்பு கூடும் என்று ஒருவர் என்னிடம் வாதாடியே பார்த்தார். கூடாது, நாமினிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்தக் கிளைக் கதை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும், எங்கள் தொழிலுக்கும் அதில் பங்கு உண்டு. வைப்பு வட்டிக்கு வரி பிடிக்கிற வரம்பை ஒரு காலத்தில் கிளை வாரியாகத்தான் கணக்கிட்டார்கள். கிளைக்குக் கிளை பிரித்துப் போட்டால் டி.டி.எஸ். பிடிக்க மாட்டார்கள் என்று ஆடிட்டர்களே சொல்லிக்கொடுத்த காலம் அது. எல்லாக் கிளைகளையும் ஒரே கணினி அமைப்பில் இணைக்கிற கோர் பேங்கிங் வந்த வங்கிகளில் கிளைகளைச் சேர்த்துக் கணக்கிட வேண்டும் என்று 2015 ஜூன் முதல் மாற்றிவிட்டார்கள். வரிக்கே அந்தக் கணக்கு போய்விட்டது, ஆனால் ஜனங்கள் மனதில் "கிளை பிரித்தால் பாதுகாப்பு" என்பது மட்டும் ஒட்டிக்கொண்டு, வரியிலிருந்து காப்பீட்டுக்குத் தாவிவிட்டது. காப்பீட்டில் அது ஒரு நாளும் உண்மையாக இருந்ததில்லை.

இந்தக் காப்பீடு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1960-இல் கேரளத்தின் பாலாய் சென்ட்ரல் வங்கி விழுந்தது, அதன் பிறகு 1962-இல் வைப்புக் காப்பீடு தொடங்கியது. அப்போது வரம்பு 1,500 ரூபாய். 1993-இல் 1 லட்சம் ஆக்கினார்கள், அதற்குப் பிறகு 2020 பிப்ரவரி வரை அசையவே இல்லை. 2019 செப்டம்பரில் பஞ்சாப் மகாராஷ்டிரா கூட்டுறவு வங்கியை முடக்கி, ஆறு மாதத்துக்கு 1,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று முதல் நாள் அறிவித்தபோது மும்பையில் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அதன் பிறகுதான் 5 லட்சம் ஆனது. அந்த வங்கியை 2022 ஜனவரியில் யூனிட்டி சிறு நிதி வங்கியோடு இணைத்தார்கள். 5 லட்சத்துக்கு மேல் வைத்திருந்தவர்களுக்கு மீதிப் பணம் தவணை தவணையாக, முழுத் தொகையும் வந்து சேர பத்து வருஷம் வரை. எழுபது வயதில் பத்து வருஷம் என்றால் என்ன என்று யோசித்துப் பாருங்கள்.

நம் பக்கத்தில் கரூர் லட்சுமி விலாஸ் வங்கியை எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். "அங்க யாருக்கும் பணம் போகலையே சார்." உண்மைதான். 2020 நவம்பர் 17 அன்று 25,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று வரம்பு போட்டார்கள், 27-ஆம் தேதி டி.பி.எஸ். வங்கியோடு இணைத்தார்கள், வைப்பு வைத்தவர்களுக்கு ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனால் அதே வங்கியின் பங்கு வைத்திருந்தவர்களுக்குப் பூஜ்யம், அதன் 318 கோடி ரூபாய்க் கடன் பத்திரமும் பூஜ்யம். அதே வருஷம் மார்ச்சில் எஸ் வங்கியிலும் வைப்பு தப்பியது, 8,415 கோடி ரூபாய்ப் பத்திரங்களை அழித்தார்கள், அது வழக்காகவும் போனது. வங்கி என்ற பெயர் அச்சடித்த காகிதம் எல்லாம் வைப்பு ஆகிவிடாது. கவுன்ட்டரில் ஒருவர் "எஃப்.டி. மாதிரிதான், வட்டி கொஞ்சம் கூட" என்று சொன்னால், அந்த "மாதிரி" என்ற சொல்லிலேயே எழுந்து வந்துவிடுங்கள்.

இன்னொன்று, பதறிப்போய் ஓடுகிறவர்கள். 2001-இல் குஜராத்தில் மாதவபுரா மெர்க்கன்டைல் கூட்டுறவு வங்கி விழுந்தபோது, அதில் மாட்டிக்கொள்ளாத இன்னொரு கூட்டுறவு வங்கியிலும் கூட்டம் முட்டியது. யார் ஓடினார்கள், யார் ஓடவில்லை என்று ராஜ்கமல் ஐயரும் மஞ்சு பூரியும் கணக்கு வாரியாக ஆராய்ந்து 2012-இல் வெளியிட்டார்கள். வரம்புக்கு மேல் வைத்திருந்தவர்கள் அதிகம் ஓடினார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் வரம்புக்குள் முழுக்கக் காப்பு இருந்தவர்களிலும் பலர் ஓடியிருக்கிறார்கள். தெரிந்தவர்கள் எடுத்தால் இவர்களும் எடுத்தார்கள். அந்த வங்கியோடு நீண்ட காலப் பழக்கம் உள்ளவர்கள், அங்கே கடன் வாங்கியிருந்தவர்கள் நிதானமாக இருந்தார்கள். இன்றைக்கு அந்த "தெரிந்தவர்" இடத்தில் வாட்ஸ்அப் உட்கார்ந்திருக்கிறது. முழுக்கக் காப்பு உள்ள 3 லட்ச வைப்பை முன்கூட்டியே உடைத்து, வட்டியில் அபராதம் கட்டி, அந்தப் பணத்தை மாதம் இரண்டு வட்டி தருகிற பைனான்ஸில் கொண்டுபோய்ப் போட்டவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். அங்கே 5 லட்சம் இல்லை, 5 ரூபாய்க்குக்கூடக் காப்பீடு கிடையாது. நிதி நிறுவனம், சிட்பண்ட், பண்டு எதற்கும் கிடையாது. மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கு உண்டு, ஆனால் நம் ஊர் சொசைட்டிக்கு, அதாவது தொடக்க வேளாண்மைக் கடன் சங்கத்துக்கு, இந்தக் காப்பீடு இல்லை. இரண்டிலும் "கூட்டுறவு" என்று இருப்பதால் ஒன்று என்று நினைக்காதீர்கள். தபால் ஆபீஸ் வேறு கணக்கு, அதற்கு அரசே பொறுப்பு.

ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் தருகிற வட்டியை, குறைக்கிற ஒவ்வொரு முறையும் எனக்கு வயிற்றைக் கலக்கும். 2020 மே மாதம் 4 சதவீதத்துக்கு இறக்கினார்கள், 2025-இல் பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் 6.5-லிருந்து 5.5-க்கு வந்தது. கடன் வாங்கியவர் சந்தோஷப்படுவார், அவருக்குத் தவணை குறையும். வைப்பு வட்டியும் கூடவே குறைவதால், வட்டியில் சாப்பிடுகிற பென்ஷன்காரர் அரை சதவீதம் கூடுதலாக எங்கே கிடைக்கும் என்று தேடிக் கிளம்புவார். என் மேஜைக்கு வந்த ஐந்து பேரில் நான்கு பேர் அப்படிக் கிளம்பியவர்கள்தான். 15 லட்சத்துக்கு அரை சதவீதம் என்றால் வருஷத்துக்கு 7,500 ரூபாய். அதற்காக 10 லட்சத்தைக் காப்பு இல்லாமல் விடுவதா?

சரி, என்ன செய்யலாம். 20 லட்சம் இருந்தால் நான்கு கிளைக்குப் பதில் நான்கு வங்கி. ஒவ்வொன்றிலும் வட்டிக்கு இடம் விட்டு நாலரை லட்சம், மிச்சம் தபால் ஆபீஸில். கணவன் பெயர், மனைவி பெயர், இருவரும் சேர்ந்த கூட்டுக் கணக்கு, இவை தனித்தனியாகக் கணக்காகும், ஒரே வங்கியாக இருந்தாலும். மேலே சொன்னவரின் மனைவி பெயரில் தனியாக இருந்த 4 லட்சம் முழுசாக வந்துவிட்டது. வீடு விற்ற பணம் மொத்தமாக வந்து சேமிப்புக் கணக்கில் கிடந்தால், சின்னக் கூட்டுறவு வங்கியில் தூங்கவிடாதீர்கள். வங்கியின் இணையதளத்தில் வைப்புக் காப்பீட்டுக் கழகத்தின் முத்திரையும் க்யூ.ஆர். கோடும் கண்ணில் படுகிறதா என்று பாருங்கள், 2023 செப்டம்பரிலிருந்து அதைக் காட்ட வேண்டும் என்பது உத்தரவு. இல்லையென்றால் கூச்சப்படாமல் கேளுங்கள். வங்கி முடங்கினால் 90 நாளுக்குள் காப்பீட்டுப் பணம் என்று 2021-இல் சட்டம் வந்துவிட்டது, ஆனால் நீங்கள் விருப்பக் கடிதமும் அடையாளச் சான்றும் மாற்று வங்கிக் கணக்கு விவரமும் கொடுக்க வேண்டும். கே.ஒய்.சி. பழசாகக் கிடந்தால் அங்கேயே நிற்கும்.

வீட்டில் அப்பா அம்மா இருந்தால், தயவுசெய்து இந்த ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு உட்கார்ந்து பீரோவில் இருக்கிற ரசீதுகளை எடுத்து வங்கி வாரியாக அடுக்குங்கள், கிளை வாரியாக வேண்டாம். ஒரே வங்கியின் பெயர் இரண்டு முறை வந்தால் கூட்டிப் பாருங்கள். 5 லட்சத்தைத் தாண்டினால், முதிர்வுத் தேதி எது முதலில் வருகிறதோ அதை அந்த வங்கியிலேயே புதுப்பிக்காமல் வெளியே எடுங்கள்.