மோசசார்: தமிழில் கடலுடும்பு

டைனோசர் காலத்துக் கடலில் வாழ்ந்து அழிந்த ஊர்வன மோசசார். அதன் எலும்பு எங்காவது கிடைத்துவிட்டால், மறுநாள் செய்தியில் அது ‘கடல் டைனோசர்’ ஆகிவிடுகிறது. இது தவறு. மோசசார் டைனோசர் இனமே அல்ல. டைனோசர் என்ற சொல்லை ஆங்கிலேய உயிரியலாளர் ரிச்சர்ட் ஓவன் உருவாக்கியது 1842இல். அதற்கு 20 ஆண்டுகள் முன்பே, 1822இல், ஆங்கிலேயப் புவியியலாளர் வில்லியம் கோனிபேர் மோசசாருக்குப் பெயர் வைத்தாயிற்று.

சொல்லைப் பிரித்தால் ‘மோசா’, ‘சாரஸ்’ என்று இரண்டு துண்டு. மோசா என்பது ஓர் ஆற்றின் லத்தீன் பெயர். பிரான்சில் பிறந்து பெல்ஜியம் வழியாக நெதர்லாந்துக்குள் வரும் அந்த ஆற்றை டச்சுக்காரர்கள் மாஸ் என்கிறார்கள். சாரஸ் கிரேக்கம், பல்லி வகையைக் குறிக்கும். ஆக, ‘மாஸ் ஆற்றுப் பல்லி’. நம் ‘மோசம்’ என்ற சொல்லுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

கடலில் வாழ்ந்த விலங்குக்கு ஆற்றின் பெயர் ஏன்? அந்த ஆற்றங்கரையில்தான் மாஸ்ட்ரிக்ட் நகரம் இருக்கிறது. ஊரை ஒட்டிய குன்றில் சுண்ணாம்புக்கல் வெட்டும்போது, 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில், பெரிய தாடைகள் வெளிப்பட்டன. முதலை என்றார்கள் சிலர். திமிங்கிலம் என்றார் டச்சு உடற்கூறியலாளர் பெட்ரஸ் காம்பர். 1794இல் பிரெஞ்சுப் படை நகரைப் பிடித்தபின், ஒரு மண்டையோடு பாரிசுக்குப் போனது; இன்றும் அங்கேதான் இருக்கிறது. காம்பரின் மகன் அட்ரியான் அப்பா சொன்னதை ஏற்கவில்லை. எலும்புகளைத் திரும்ப ஆராய்ந்து, இது உடும்புக்கு உறவான விலங்கு என்று 1799இல் எழுதினார். 1808இல் பிரெஞ்சு விலங்கியலாளர் குவியே அதை உறுதி செய்தார். இந்த மகன்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தமிழ்ச் சொல்லுக்கான வழியும் அவர் சொன்னதிலேயே இருக்கிறது.

‘கடற்பல்லி’ என்று எழுதுகிறவர்கள் சாரஸை அப்படியே பெயர்க்கிறார்கள். ஆனால் கிரேக்கர் ஒரே சொல்லில் அடைத்ததை நாம் பல்லி, ஓணான், அரணை, உடும்பு என்று தனித்தனியாகப் பெயர் சொல்லி அழைக்கிறோம். சுவரில் ஊரும் பல்லியை இந்த விலங்கின் தலையில் கட்டவேண்டியதில்லை. ‘கடல் ஓணான்’ என்றால், கலாபகஸ் தீவுகளில் இன்றும் நீந்தும் இகுவானாவோடு குழம்பும். உடல்வாகாலும் தாடையாலும் பொருந்துவது உடும்புதான். கடல் + உடும்பு = கடலுடும்பு. மோசசார்கள் உடும்புக்கு நெருக்கமா, பாம்புக்கு நெருக்கமா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. மேலண்ணத்தில் பாம்புக்கு இருப்பதுபோல இன்னொரு வரிசைப் பல் இவற்றுக்கு உண்டு. எப்படி முடிந்தாலும், ஒரு பொதுப்பெயருக்கு அந்த அளவு பொருத்தம் போதும்.

பொதுப்பெயர் ஏன் வேண்டும் என்றால், இவை ஒரே விலங்கு அல்ல, ஒரு பெரிய குடும்பம். 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதி எல்லாம் முடிவதற்குச் சற்று முந்தைய காலத்துக் கடற்படிவுகள் மொராக்கோவின் பாஸ்பேட் சுரங்கங்களில் இருக்கின்றன. அங்கே கிடைக்கும் பற்களைப் பாருங்கள். குளோபிடென்ஸ் என்ற கடலுடும்பின் பல் நெல்லிக்காய்போல உருண்டை. சிப்பி ஓட்டை நொறுக்க வாகானது. பெயருக்கே ‘உருண்டைப் பல்’ என்றுதான் பொருள். 2021இல் பெயரிடப்பட்ட செனோடென்ஸ் ஒன்றரை மீட்டர் சொச்சம்தான். ஆனால் அதன் பற்கள் நெருக்கி அடுக்கிய ரம்பம்போல வெட்டும். 2022இல் வந்த தலசோடைட்டன் 9 மீட்டர்வரை வளர்ந்தது. கூம்பான பற்கள் நுனி மழுங்கி உடைந்து கிடக்கின்றன, கெட்டியான எலும்புகளைக் கடித்திருக்கிறது. 2023இல் வந்த ஸ்டெல்லாடென்ஸின் பல்லில் மேலிருந்து கீழாகக் கூரிய வரம்புகள். எதைத் தின்னப் பயன்பட்டது என்பது யாருக்கும் விளங்கவில்லை. தளர்ந்து, குறைந்து, மெல்ல மறைந்த இனம் என்று இவற்றைப் பார்த்தால் தோன்றவே தோன்றாது. ஒரே கடலில் நொறுக்குகிறது, அறுக்கிறது, கிழிக்கிறது என்று ஆளுக்கொரு வேலை இருந்திருக்கிறது.

இந்தக் கடைசிக் காலத்துக்கும் அதே மாஸ்ட்ரிக்ட் ஊரின் பெயர்தான்: மாஸ்ட்ரிக்டியன், அதாவது சுமார் 7.2 கோடி முதல் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்வரை.

சரி, எழுதும்போது எப்படி? மோசசாரஸ், குளோபிடென்ஸ் போன்ற அறிவியல் பெயர்களை மாற்றவேண்டாம். அவை உலகப் பொது. குடும்பம் முழுவதையும் சொல்லும்போது கடலுடும்புகள். தலைப்பில் ‘கடல் டைனோசரின் பல் கண்டெடுப்பு’ என்று வருகிற இடத்தில் ‘கடலுடும்பின் பல் கண்டெடுப்பு’.