டிமாண்ட் சார்ஜ்: தேவையா, கேட்பா?

உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகளின் மின் பில்லில், யூனிட் கணக்கோடு சேராமல் தனிக் கட்டணமாக நிற்பது டிமாண்ட் சார்ஜ். ‘எம்.டி. ஏறிடுச்சு’ என்று எலக்ட்ரீஷியன் பதறுவது இதற்காகத்தான். எம்.டி. என்பது மேக்ஸிமம் டிமாண்ட்.

லத்தீனில் ‘டிமாண்ட்’ என்பதன் மூலச்சொல்லுக்கு ‘ஒப்படைத்தல்’ என்று பொருள். பிரெஞ்சில் அது ‘கேட்டல்’ ஆகி, ஆங்கிலத்தில் ‘உரிமையோடு கேட்டல்’ என்று இறுகியது. பொருளாதாரப் பாடநூல்கள் ‘தேவை’ என்று மொழிபெயர்த்தன; மின்சாரத்துக்கும் பலர் அதையே எழுதுகிறார்கள். இங்கே அது பொருந்தாது. மின் தேவை என்றால் மாதம் முழுக்க எவ்வளவு வேண்டும் என்றுதான் தோன்றும். டிமாண்ட் குறிப்பதோ, ஒரே சமயத்தில் எவ்வளவு கேட்டீர்கள் என்பதை. டிமாண்டுக்குக் ‘கேட்பு’ என்ற சொல் ஏற்கெனவே புழங்குகிறது: வரி அலுவலகப் பதிவேட்டில் ‘கேட்பு, வசூல், நிலுவை’ உண்டு. வங்கியில் ‘கேட்பு வரைவோலை’ உண்டு. ஆகவே டிமாண்ட் சார்ஜுக்குக் கேட்புக் கட்டணம், எம்.டி.க்கு உச்சக் கேட்பு, மின்வாரியத்தோடு ஒப்புக்கொண்ட உச்ச வரம்புக்கு ஒப்பந்தக் கேட்பு என்பவையே சரி. இணைத்திருக்கும் கருவிகளின் கூட்டுத்தொகை ‘மின்பளு’, அது வேறு.

யூனிட் கட்டணம் ஓடிய மின்சாரத்துக்கு. உங்கள் உச்சத்தைத் தாங்கும் அளவுக்குக் கம்பியும் டிரான்ஸ்பார்மரும் எப்போதும் தயாராக நிற்கிறதே, அதற்கானது கேட்புக் கட்டணம்.

மீட்டர் நேரத்தை 15 அல்லது 30 நிமிடத் துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றின் சராசரியை கேவிஏ-வில் (கம்பி சுமக்க வேண்டிய மொத்த மின்திறனின் அளவு) எடுக்கிறது. மாதத்தின் மிகப் பெரிய துண்டே உச்சக் கேட்பு. மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஏறிவிடும் என்பது வீண் பயம்: 300 கேவிஏ 10 விநாடி இழுத்தாலும் 15 நிமிடச் சராசரியில் அது 3.3 கேவிஏதான். மின்தடை நீங்கியதும் எல்லா இயந்திரத்தையும் ஒன்றாக ஓட்டி, கால் மணி நேரம் அப்படியே விடுவதுதான் ஆபத்து. மாதத்தில் ஒருமுறை நடந்தால் போதும். இன்னொரு திருடன், ஃபியூஸ் போன கெபாசிட்டர். பவர் ஃபேக்டரை, அதாவது இழுக்கும் கேவிஏ-வில் உண்மையாக வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கை, உயர்த்தி வைப்பது அதுதான். அதே 160 கிலோவாட், பவர் ஃபேக்டர் 0.95-இல் 168 கேவிஏ, 0.8-க்கு விழுந்தால் 200.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 அன்று கேட்புக் கட்டணம் கேவிஏ-வுக்கு மாதம் 350 ரூபாயிலிருந்து 550 ஆனது, பிறகும் உயர்ந்திருக்கிறது. பதிவான கேட்பு, ஒப்பந்தக் கேட்பில் 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்குப் பில். ஒப்பந்தக் கேட்பைத் தாண்டிய பகுதிக்கு இரு மடங்கு. 200 கேவிஏ ஒப்பந்தத்தில் 150 மட்டுமே தொட்டாலும் 180-க்குக் கட்ட வேண்டும். 230 தொட்டால், 550 ரூபாய்க் கணக்கில் 1,10,000 + 33,000 = 1,43,000. ஆறு மாத எம்.டி.யைப் பார்த்துவிட்டு ஒப்பந்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ விண்ணப்பிப்பதே புத்திசாலித்தனம்.

வீடுகளுக்கு இந்தக் கட்டணம் கிடையாது. மின்சாரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டியிருந்த நிலைக் கட்டணத்தையும் 2022-இல் எடுத்துவிட்டார்கள். கம்பிச் செலவு யூனிட் விலைக்குள் கரைந்திருக்கிறது. அடுக்ககத்தின் லிஃப்ட், மோட்டார் ஓடும் பொது இணைப்புக்கு மட்டும் கிலோவாட் கணக்கில் நிலைக் கட்டணம் வரும். அது மின்வாரியத்தில் பதிவு செய்திருக்கும் மின்பளுவைப் பார்க்கும், ஓடிய நேரத்தை அல்ல. பழுதாகிக் கழற்றிப் போட்ட மோட்டாரும் மின்பளுவில் இன்னும் இருந்தால், அதற்கும் மாதாமாதம் பணம் போகும்.