மீட்பு மையத்தில் முதல் சில இரவுகள்

குமரி மாவட்டத்தில் குடிநோயாளிகளைத் தங்கவைத்துச் சிகிச்சை தரும் போதை மீட்பு மையங்கள் பெருகிவருகின்றன. திருவனந்தபுரத்துக்கோ மதுரைக்கோ ஓடவேண்டிய அலைச்சல் குறைந்தது நல்லதே. ஆனால் ஆலோசனைக்கு வரும் குடும்பத்தார் மாதக் கட்டணம் எவ்வளவு, எத்தனை மாதம் வைத்திருப்பார்கள் என்றுதான் விசாரிக்கிறார்கள். இரவில் மருத்துவர் இருப்பாரா என்று கேட்பவர்கள் அரிது.

கேட்கவேண்டிய முதற்கேள்வி அதுதான். பல ஆண்டுகளாக நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென நிறுத்தினால், 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். பெரும்பாலும் இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில், மனம் குழம்பி இல்லாததைக் காணும், உயிருக்கே ஆபத்தான சன்னி நிலை ஏற்படலாம். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டும் தொழிலாளி ஒருவர், மூன்றாம் இரவில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டை சீவுவதுபோல் கையை அசைத்தபடி, சிரட்டை நிறைந்து வழிவதாக முனகிக்கொண்டிருந்தார். "சாரே, ஆரோ செய்வினை வச்சிருக்கு" என்று அழுதார் மனைவி. செய்து பழகிய வேலையையே கைகள் திரும்பச் செய்வது இந்தச் சன்னியில் மருத்துவர்கள் அடிக்கடி காணும் அறிகுறி. பதற்றத்தையும் வலிப்பையும் தணிக்கும் டயஸெபாம், லோராஸெபாம் போன்ற மருந்துகளை அளவறிந்து கொடுத்து, குளுக்கோஸ் ஏற்றுமுன் தயமின் (வைட்டமின் பி1) ஊசியும் போட்டால் பெரும்பாலோர் தேறிவிடுவர். தயமினைத் தவறவிட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடக்கூடும். யோகாவும் பிரார்த்தனையும் பிறகு இருக்கட்டும்.

சில குடும்பங்கள், ஆளனுப்பி வீட்டிலிருந்தே தூக்கிச் செல்லும் மையத்தைத் தேடுகின்றன. அவர்களின் களைப்பு எனக்குப் புரியாததல்ல. ஆயினும் 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதைப்பொருள் சார்ந்த மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. ஒருவரை அவர் சம்மதமின்றிச் சேர்க்க மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்திருக்க வேண்டும். அதுவும் 30 நாள்கள் வரைதான், அதற்குமேல் நீட்டிக்க மனநல மறுஆய்வு வாரியத்தின் அனுமதி தேவை. சங்கிலியால் பிணைப்பதை அச்சட்டம் முற்றாகத் தடைசெய்கிறது. 2001இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீவிபத்தில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் கருகி இறந்ததை நம் மாநிலம் மறக்கலாகாது. மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டத் தயங்கும் மையத்தில் யாரையும் சேர்க்க வேண்டாம்.

வீடு திரும்பும் நாளில், கொடுத்த மருந்துகளின் பெயரும் அளவும் அடுத்த பரிசோதனைத் தேதியும் எழுதிய சீட்டைக் கேட்டுப் பெறுங்கள். குடி வேட்கையைக் குறைக்கும் நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரொசேட் போன்றவற்றைத் தொடர்வதா என்பதைக் கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனைகளைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். எங்கு தொடங்குவதென்று தெரியாதவர்கள் 14446 என்ற தேசியக் கட்டணமில்லா எண்ணை அழைக்கலாம்.